கல்யாணக் காருக்கு ஐந்து டயர்

கெலுகோர், பினாங்கு
ஆவணி மாதம், ஞாயிறு காலை

அன்பு மகள் மோகனாவுக்கு, அப்பா பிச்சைமுத்து சொல்லச் சொல்ல அம்மா புஷ்பவள்ளி எழுதுவது. தண்ணீர்மலை முருகன் கருணையால் நாங்கள் இருவரும், என் முழங்கால் வலியும் அவளுடைய சர்க்கரையும் கூடவே துணைக்கு இருக்க, இங்கே நன்றாக இருக்கிறோம். அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சுகுமாரனும் பேரன் ஷர்வினும் நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, குறையில்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்கு அப்பா கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் பாதி சொல்லும்போதே உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு என்னிடமே இருக்கிறது, இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஷர்வின் பரீட்சையால் நம்ம ஜெகதீஸ்வரி கல்யாணத்துக்கு நீ வர முடியாமல் போனதில் எல்லாருக்கும் வருத்தம்தான். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். டுரியான் சீசன் முடிகிற நேரம், மழையும் ஆரம்பித்துவிட்டது, வெளியே போக வேலையில்லை, நிதானமாகவே சொல்லலாம்.

உன் தாய்மாமன் சின்னையா மகளை உனக்குத் தெரியாதா, பிடித்தால் பிடித்ததுதான். நிச்சயம் முடிந்து தட்டு மாற்றிய கையோடு, சம்பந்தி வீட்டார் முன்னாலேயே, "கோயிலுக்கு நான் எங்க மாமா சாகாவிலதான் வருவேன், வேற காடில ஏற மாட்டேன் லா" என்று சொல்லிவிட்டாள். அவள் பிறந்த அன்று வெள்ளத்தில் ஆம்புலன்ஸ் வராமல் உன் அத்தையை நம்ம சாகா காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஜெலுத்தோங் முனையில் தண்ணீர் கதவு வரைக்கும் வந்தது, அத்தை பின் சீட்டில் கத்தினாள், சின்னையா அவளைவிடப் பெரிதாகக் கத்தினான், எல்லாம் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், "நான் பாதி பொறந்ததே அந்தக் காடிலதான், மீதியும் அதுலயே போறேன்" என்றாள். மாப்பிள்ளைப் பையன் அரவிந்த் சிரித்தான். அவன் அப்பா சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே பெரிய வெள்ளைக் கார் ஒன்று வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தார். "முப்பத்தஞ்சு வருஷத்து காடி, பினாங்குப் பாலத்து நடுவுல நின்னுட்டா முகூர்த்தம் நிக்குமா? சரி, புள்ள ஆசப்படுது. எங்க காடி பின்னாலயே வரட்டும், ஏதாச்சும் ஒண்ணுன்னா மாறி ஏறிக்கட்டும்" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணப் பெண்ணை நடுரோட்டில் இறக்கி இன்னொரு காரில் ஏற்றும்படி ஆகிவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன், நீயே சொல்.

அப்புறம்தான் நீ போனில் காரைச் சுற்றிக் காட்டச் சொன்னாய். "டயர்ல பூ தேயாம இருக்குன்னு மட்டும் பாக்காதீங்கப்பா, பக்கச் சுவரெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, இதுல ஜெகாவ ஏத்தாதீங்க" என்று கத்தினாய். கோபம் வந்தது, ஆனால் குனிந்து கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், வெடிப்புக்குள் நகம் போனது. மறுநாளே சின்னையாவைக் கூட்டிக்கொண்டு ஜெலுத்தோங்கில் யூசுப் கடைக்குப் போனேன். யூசுப் நல்ல பையன், பையன் என்ன பையன், நாற்பது தாண்டிவிட்டது, அவன் அப்பா காலத்திலிருந்து நமக்குப் பழக்கம். காரைச் சுற்றி வந்தவன், "என்னண்ணே, நாலு காலும் நாலு ஊர்ல வாங்கினதா?" என்றான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவ்வப்போது கிடைத்த பழைய டயரை வாங்கி மாட்டியதில், முன்னால் இரண்டும் ஒரு அளவு, பின்னால் இரண்டும் வேறு அளவு. சரியான அளவு எது என்று பார்க்க டிரைவர் கதவு ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்குமாம். நாம்தான் உன் கல்யாணத்துக்குக் காரை நீலமாக அடித்தோமே, பெயின்டர் அந்தத் தாளுக்கும் சேர்த்து நீலம் அடித்து வைத்திருக்கிறான்.

பின்னால் சாமான் வைக்கும் பூட்டில், கார் வாங்கிய நாளிலிருந்து தரையைத் தொடாத ஸ்பேர் டயர் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தால் 155 என்றும் 13 என்றும் இரண்டே எண்தான். இப்போதைய டயரில் மூன்று எண் இருக்கிறது. யூசுப் விளக்கினான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, இஞ்ச் கணக்கு. நடுவில் இருப்பதுதான் டயர் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று. அந்தக் காலத்து டயருக்கு நடு எண் போடாவிட்டால் எண்பது என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். "அந்த எண்பது இப்ப கைல இல்லண்ணே, சொல்லித்தான் வரவழைக்கணும். 175, நடுவுல 70, ரிம்மு 13, இது போடுங்க. அகலம் கொஞ்சம் கூட, சுவரு பங்கு கொஞ்சம் கம்மி, மொத்த உயரம் பழசு மாதிரியே வரும், ஒங்க பழைய ரிம்முக்கும் சரியா ஒக்காரும்" என்றான். நானும் சரி போடு தம்பி என்று வாயைத் திறந்தேன், அதற்குள் உன் மாமன் விரலை விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கு ஒரு தடவை நாலு நம்பர் லாட்டரியில் பரிசு விழுந்தது உனக்கு நினைவிருக்கும், அன்றிலிருந்து பஸ் நம்பரைக் கூட்டாமல் பஸ் ஏறமாட்டான். "எண்பதா, எட்டு சனி, அதப் பேசாதே. நூத்தி எழுவத்தஞ்சும் எழுபதும் பதிமூணும் ஒவ்வொரு எண்ணா கூட்டினா இருபத்தி நாலு, ரெண்டும் நாலும் ஆறு. ஆறு சுக்கிரன். நான் மூணாந்தேதி பொறந்தவன், குருவோட ஆளு. மூணுக்கும் ஆறுக்கும் ஆகவே ஆகாது மச்சான்" என்றான். பிறகு அலமாரி அலமாரியாகப் போய் டயர் சுவரில் எண்ணைக் கூட்டிக்கொண்டே நடந்தான். சீனத் தவுக்கே முதலாளி ஒருவர் தன் காருக்குக் காத்திருந்தார், அவரும் எழுந்து கூடவே போய்ப் பார்த்தார், எந்த நம்பர் வரும் என்று அவருக்கும் ஆசை. கடைசி வரிசையில் உன் மாமன் நின்றுவிட்டான். 165, 65, 13. கூட்டினால் இருபத்தேழு, ஒன்பது. முருகனுக்கு உகந்த செவ்வாய் எண், அவன் மூன்றுக்கும் நட்பு. யூசுப் சொல்லத்தான் செய்தான், "ரிம்முல இதுவும் ஏறும்ணே, ஆனா குள்ளம். ஏறுறது வேற, காடிக்குச் சேர்றது வேற" என்று. பெண்ணைப் பெற்றவன் அங்கே கண்ணில் நீர் முட்ட நிற்கிறான், வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன். ஐந்தாக எடுத்தோம், ஸ்பேருக்கும் சேர்த்து. பழைய ஸ்பேரை யூசுப், "இது ரப்பர் இல்லண்ணே, கல்லு. ரோட்டுல போட்றாதீங்க" என்று எச்சரித்துத் தந்தான். எனக்கு எறிய மனமில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கட்டுக்குக் கீழே சாய்த்து வைத்தேன். நேரே கோயிலுக்குப் போய் ஐயர் கற்பூரம் காட்ட, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். சாறு தெறித்ததில் உன் மாமனுக்கு அப்படியொரு பூரிப்பு.

காரைப் பார்த்ததும் ஜெகதீஸ்வரி, "மாமா, காடி என்ன சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கு?" என்றாள். புதுசு, பழகப் பழகச் சரியாகும் என்று சமாளித்தேன். டயர் செருப்பா, பழகுவதற்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக ஒத்திகைக்குக் கிளம்பினோம், நான், உன் அம்மா, சின்னையா, அத்தை, பெண் என்று ஐந்து பேர். கல்யாணம் நிபோங் திபாலுக்கு அந்தப் பக்கம், பைராம் தோட்டத்துக்குப் பக்கத்துக் கோயிலில், மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் மூன்று தலைமுறையாக. பாலத்தில் ஏறியதும் என் மீட்டர் எண்பது காட்டுகிறது, பெண் கையில் போனில் வழி பார்த்தால் எழுபத்தைந்து காட்டுகிறது. மீட்டர் பொய் சொல்கிறதா, போன் பொய் சொல்கிறதா என்று உன் மாமனும் நானும் ஜாவி ஊர் வரைக்கும் சண்டை. எஞ்சின் வேறு மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது. கோயில் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வேகமாகப் போகாமல் இருக்க ஒரு மேடு போட்டிருக்கிறார்கள், எத்தனையோ தடவை நான் ஏறி இறங்கிய மேடுதான். அன்றைக்குக் காரின் வயிறு அதில் உரசியது பார், பந்தல்கால் பார்க்க நின்ற சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தி குனிந்து பார்த்தார். ஏளனம் எதுவும் செய்யவில்லை, தன்மையாகத்தான் சொன்னார், "விடுங்கண்ணே, வெள்ளக் காடிலயே வந்துடட்டும். இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு?" என்று. ஜெகதீஸ்வரி திரும்பி வரும் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னையா, முருகன் சோதிக்கிறான் என்றான். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். கல்யாண ஜாக்கெட்டுகள் தைத்துக்கொண்டிருந்தாள், கழுத்தில் டேப் தொங்கியது. "முருகன் ஏண்டா ஒன்ன சோதிக்கிறாரு, அவருக்கு வேற வேல இல்லியா? இத்தன பொம்பளைங்களுக்கு ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறேன், யார் பொறந்த தேதியயாவது கூட்டிப் பாத்தா தைக்கறேன்? இவங்க அந்தப் பழைய ஸ்பேரு டயர உருட்டிக்கிட்டு வரட்டும்" என்றாள். இதை எழுதும்போது சிரிக்கிறாள், கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறாள் என்று நினைக்கிறேன். அந்தக் கல் டயரைப் படுக்க வைத்து, நடுவாக டேப்பைப் பிடித்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்தாள். இருபத்திரண்டே முக்கால் இஞ்ச். வெளியே வந்து காரில் இருக்கும் புது டயருக்குப் பிடித்தாள். இருபத்தொன்றரை கூட இல்லை. அளவு அங்கேயே குட்டை உடைத்துவிட்டது. டயர் குள்ளமானால் கார் தாழ்கிறது, வயிறு உரசுகிறது. குட்டைக்கால் பிள்ளை அதே தூரத்துக்கு நாலு அடி அதிகம் வைக்கிற மாதிரி டயரும் அதிகம் சுற்றுகிறது. மீட்டர் சுற்றைத்தானே எண்ணுகிறது, அதனால் போகாத வேகத்தைப் போவதாகக் காட்டுகிறது. பாவம், போன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

மறுநாள் கடைக்கு உன் அம்மாவும் டேப்போடு வந்தாள், ஜெகதீஸ்வரியும் பேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். யூசுப் 175, 70, 13 டயரை எடுத்துக் கீழே போட, உன் அம்மா அளந்து, "ஒரு நூலு கம்மி, அவ்வளவுதான்" என்றாள். யூசுப் சிரித்துக்கொண்டே, "அக்கா, கணக்குப் போட்டாலும் அதான் வரும், நூத்துக்கு ஒண்ணுகூட வித்தியாசம் இல்ல. பாரம் தாங்குற எண்ணும் பழச விடக் கூடதான்" என்று அதையும் காட்டினான், எந்த வாரம் எந்த வருஷம் செய்த டயர் என்பதையும் காட்டினான், போன மாசி மாதத்துச் சரக்கு. எல்லாம் பொருந்திவிட்டது, உன் மாமன் மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு, ஆறு ஆகாது, ஆறு ஆகாது என்று முனகிக்கொண்டிருந்தான். உன் அம்மா திரும்பினாள். "டேய் சின்னையா, கல்யாணம் ஒனக்கா, ஒம் மகளுக்கா?" அவன் மகளைக் காட்டினான். "அவ எந்தத் தேதில பொறந்தா?" என்று கேட்டாள். வெள்ளத்து நாள் யாருக்கு மறக்கும், இருபத்தி நாலு. அவன் விரலை எடுத்தான், இரண்டும் நாலும், நின்றான், மறுபடியும் எண்ணினான். அந்த முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் மோகனா. "ஆறு! சுக்கிரன்! கல்யாணத்துக்கே அதிபதி! அப்பவே யூசுப்பு சொன்னான், நீங்கதான் மச்சான் கேக்கல" என்று பழியை என் தலையில் போட்டுவிட்டான். ஜெகதீஸ்வரி சிரித்த சிரிப்பில் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குள்ள டயர்களை யூசுப் திருப்பி எடுத்துக்கொண்டான், சின்னக் கார்களுக்கு அந்த அளவு ஓடுமாம், எலுமிச்சை வாசனைக்குத் தனியாகக் காசு வாங்கமாட்டேன் என்றான். மறுபடியும் கோயிலுக்குப் போனோம். ஐயர் என்னைப் பார்த்து, "பிச்சைமுத்து, நேத்திக்கு முந்தாநாள்தானே பூஜ போட்டீங்க? இன்னொரு காடி வாங்கிட்டீங்களா?" என்றார். சின்னையாதான் பதில் சொன்னான், "காடி அதேதான் சாமி, காலு மாத்திருக்கோம்" என்று.

கல்யாணத்தன்று விடியும்போதே நல்ல மழை. மல்லிகைச் சரம் சுற்றி, முன்னால் ஒரு பொம்மை கட்டி, பின் சீட்டில் பெண்ணும் அத்தையும் உன் அம்மாவும், முன்னால் பரிவட்டம் கட்டின மாதிரி மடியில் தட்டோடு சின்னையா. பின்னாலேயே வெள்ளைக் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் முருகா என்று சொல்லிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. பாலத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புது டயர் அதைக் கிழித்துக்கொண்டு போனது, ஸ்டியரிங் கொஞ்சம்கூட இழுக்கவில்லை. ஜெகதீஸ்வரி பின்னாலிருந்து போனைப் பார்த்து வேகம் சொல்லிக்கொண்டே வந்தாள், மீட்டரும் போனும் ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் வந்தன. கோயில் வாசல் மேடு வந்தது. முதல் கியரில் மெதுவாக ஏற்றினேன், முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது, சத்தம் ஒன்றுமில்லை. உடனே நாதஸ்வரம் தொடங்கியது. நமக்காக இல்லை, நேரத்துக்குத்தான், ஆனால் உன் மாமன் நமக்காகத்தான் என்று சத்தியம் செய்கிறான். சம்பந்தி குடை பிடித்துக்கொண்டு வந்து, டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற நேரம். வெள்ளைக் காருக்கும் பூ மாட்டி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அரவிந்த் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "மாமா, சாவி குடுங்க, நான் ஓட்டுறேன். ஜெகா காடி கத்துக்கிட்டதும் இதுலதானாமே? கேமரன் மலை வரைக்கும் போயிட்டு வரோம்" என்றான். அவன் அப்பாவைப் பார்த்தேன். அவர், "குடுங்கண்ணே, டயரு புதுசுதானே" என்றார். அந்தப் பிள்ளைகள் சாகாவில் ஏறி, மேட்டில் பதவிசாக ஏறி இறங்கி, மழையில் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்கள். சின்னையாவும் அத்தையும் அவர்கள் பின்னால் மாப்பிள்ளை வீடு போகும் வேனில் ஏறிவிட்டார்கள், நானும் உன் அம்மாவும் வாசலில் நிற்கிறோம், வீட்டுக்குப் போகக் கார் இல்லை. அப்போது வெள்ளைக் காரின் டிரைவர் இறங்கி வந்து பின் கதவைத் திறந்து எங்களுக்குக் குனிந்தார். ஏறினோம். உள்ளே ஏர்கோன் ஜில்லென்று இருந்தது, சீட்டு முழுக்க ரோஜா இதழ். பாலத்தில் பக்கத்தில் வந்த காரில் பிள்ளைகள் பூவைப் பார்த்து, கல்யாண ஜோடி என்று ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கையாட்டினார்கள். உள்ளே நாங்கள் இருப்பதைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு இன்னும் பலமாக ஆட்டினார்கள். உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் என்று என்னைச் சொல்லச் சொல்கிறாள். மூடவில்லை. தீவுக்கரை வரும் வரைக்கும் திருப்பிக் கையாட்டிக்கொண்டே வந்தாள், நானும் ஆட்டினேன்.

முருகன் துணையிருக்க நீங்கள் மூவரும் நூறாண்டு நிறைவாக வாழ வேண்டும், ஷர்வின் பரீட்சையில் நல்லபடி தேறட்டும், மாப்பிள்ளையிடம் நாங்கள் மிகவும் விசாரித்ததாகச் சொல். பார்சலில் ஜெகதீஸ்வரி உனக்கு எடுத்த பச்சைச் சேலை இருக்கிறது, அதற்கடியில் முறுக்கு, நொறுங்குவதற்கு முன் தின்றுவிடு. குளிர்காலத்தில் டயரில் காற்று இறங்கும் என்று யூசுப் சொன்னான், மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள், மறக்காதே. காடி இன்னும் கேமரனிலிருந்து வரவில்லை, வரட்டும், அவசரமில்லை.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா
பிச்சைமுத்து (கைநாட்டு)

மோகனா, கையாட்டியது உண்மைதான். அம்மா.